கொழுத்த உடலுக்குள் ஒரு பட்டினி

லெப்டின் என்னும் ஹார்மோனைப் பற்றி இணையத்தில் தமிழில் எழுதப்படுவனவற்றில் பெரும்பகுதியைச் சில வரிகளில் சுருக்கிவிடலாம். "போதும், நிறுத்து" என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன் அது. பருமனானவர்களின் மூளை அந்தச் சொல்லுக்குச் செவிசாய்ப்பதில்லை. ஆகவே இன்ன பொடியை, இன்ன மாத்திரையை உட்கொண்டால் மூளை மீண்டும் கேட்கத் தொடங்கும். இவற்றுள் முதல் கூற்று பாதி உண்மை, இரண்டாவது ஓரளவு உண்மை, மூன்றாவது வெறும் வியாபாரம். நான் மருத்துவன் அல்லன். உயிர்வேதியியல் படித்துவிட்டு, ஹார்மோன் ஆராய்ச்சி நடந்து வந்த பாதையை விருப்பத்தோடு பின்தொடர்ந்து வாசிப்பவன். அந்த வாசிப்பில், ஒரு ஹார்மோனின் உண்மையான வேலை என்ன என்பதை அறிவியல் தவறாக ஊகித்து, பெரும் பணத்தை அந்த ஊகத்தின் மேல் கட்டி, பிறகு மெல்ல மெல்லச் சரியான விடையை நோக்கித் திரும்பிய வரலாறுகளில் லெப்டினின் வரலாற்றுக்கு நிகரானது வேறில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், அட்லாண்டிக் கடலோரத்தில் பார் ஹார்பர் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள ஜாக்சன் ஆய்வகம், ஆராய்ச்சிக்கான சுண்டெலிகளைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து உலகுக்கு வழங்கிவரும் நிறுவனம். 1947ஆம் ஆண்டு அக்டோபரில் அப்பகுதியைச் சூழ்ந்த காட்டுத்தீயில் ஆய்வகமும் அதன் எலிகளும் ஏறக்குறைய முழுவதும் அழிந்தன. முன்பு அங்கிருந்து எலிகளைப் பெற்றிருந்த ஆய்வாளர்கள் பல நாடுகளிலிருந்தும் தம்மிடமிருந்த எலிகளைத் திருப்பி அனுப்ப, அந்த வம்சங்கள் மீண்டும் தழைத்தன. அவ்வாறு மீண்டெழுந்த ஆய்வகத்தில்தான், 1949ஆம் ஆண்டு கோடையில், மற்ற எலிகளைப் போல மூன்று மடங்கு வரை எடை ஏறக்கூடிய ஒரு வகை தற்செயலாகத் தோன்றியது. ஒரேயொரு மரபணுவில் நேர்ந்த மாற்றமே அதற்குக் காரணம் என்பதும், தாய் தந்தை இருவரிடமிருந்தும் அந்த மாற்றம் வந்தால்தான் குட்டி பருமனாகிறது என்பதும் மறு ஆண்டே வெளியான கட்டுரையில் பதிவாயின. அந்த எலிக்கு 'ஓபி' என்று பெயரிட்டனர். 1966இல் அதே ஆய்வகத்தில், பருமனோடு கடும் நீரிழிவும் கொண்ட 'டிபி' என்னும் இன்னொரு வகை அடையாளம் காணப்பட்டது.

டக்ளஸ் கோல்மன் என்னும் கனடிய உயிர்வேதியியலர் இந்த இரண்டு எலிகளையும் கொண்டு செய்த சோதனைகள் எளிமையானவை, ஆனால் கொடூரமானவை. இன்றைய ஒழுங்குமுறைக் குழுக்கள் அவற்றுக்கு அவ்வளவு எளிதில் அனுமதி தரமாட்டா. இரண்டு எலிகளின் விலாப்புறத் தோலையும் தசையையும் ஒன்றாகத் தைத்துவிட்டால், சில நாட்களில் இடையே நுண்ணிய இரத்தக் குழாய்கள் வளர்ந்து, ஒன்றின் இரத்தத்தில் உள்ளது மற்றொன்றுக்கும் மெதுவாகப் போய்ச் சேரும். நீரிழிவு எலியையும் இயல்பான எலியையும் அவர் இப்படி இணைத்தார். இயல்பான எலியின் இரத்தத்திலுள்ள ஏதோ ஒரு பொருள் நோயுற்ற எலிக்கு உதவுமா என்று பார்ப்பதே அவருடைய நோக்கம். நடந்ததோ நேர்மாறானது. நீரிழிவு எலிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனோடு இணைக்கப்பட்ட இயல்பான எலி, கண்ணெதிரே உணவு இருந்தும் உண்ணாமல், பட்டினியால் இறந்தது.

பின்னர் ஓபி எலியை இயல்பான எலியோடு இணைத்தபோது ஓபி குறைவாக உண்ணத் தொடங்கியது. ஓபியை டிபியோடு இணைத்தபோது ஓபி உண்ணாமலே மடிந்தது. இந்த முடிவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரே ஒரு விளக்கம்தான் பொருந்தும். பசியை அடக்கும் ஒரு பொருள் இரத்தத்தில் ஓடுகிறது. ஓபி எலியால் அதை உண்டாக்க முடியாது, ஆனால் உணர முடியும். டிபி எலி அதை மிகுதியாக உண்டாக்குகிறது, ஆனால் உணர முடியாது. கோல்மன் இதை 1973இல் வெளியிட்டார். உடற்கொழுப்பின் அளவை மூளைக்குத் தெரிவிக்கும் ஏதோ ஒன்று இரத்தத்தில் இருக்கவேண்டும் என்று 1953இலேயே பிரிட்டனில் கென்னடி என்பவர் முன்வைத்த கருத்துக்கும், 1959இல் ஹெர்வி பெரிய எலிகளில் செய்திருந்த இணைப்புச் சோதனைக்கும் இது உறுதியான வலுச் சேர்த்தது. இருந்தும், பருமன் என்பது மனக்கட்டுப்பாடு பற்றிய விஷயமே என்று நம்பியவர்கள் அக்காலத்தில் மருத்துவ உலகிலும் நிரம்ப இருந்தனர். அந்தப் பொருளைப் பிரித்தெடுக்கக் கோல்மன் முயன்றார், இயலவில்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது: இரத்தத்தில் அது இருக்கும் அளவு மிகமிகச் சொற்பம்.

நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் 1986இல் அந்த மரபணுவைத் தேடத் தொடங்கினார். இரத்தத்தில் ஹார்மோன்களை மிக நுண்ணிய அளவிலும் அளக்கும் முறையை உருவாக்கியதற்காக 1977இல் நோபல் பரிசு பெற்ற ரோசலின் யாலோ, ஓபி எலியின் குறைபாடு கொலிசிஸ்டோகைனின் என்னும் குடல் ஹார்மோன் சார்ந்தது என்று கருதியிருந்தார்; அந்த ஹார்மோனின் மரபணு வேறொரு குரோமோசோமில் இருப்பது தெரிந்ததும் அந்த ஊகம் முடிவுக்கு வந்தது. எலியின் 6ஆம் குரோமோசோமில் எங்கோ இருக்கிறது என்பதைத் தவிர வேறு தடயம் இல்லாத ஒரு மரபணுவை, நூற்றுக்கணக்கான எலிகளைக் கலப்பினம் செய்து, துண்டு துண்டாக நெருங்கிப் பிடிக்கவேண்டியிருந்தது. இன்று கணினித் திரையில் சில மணி நேரத்தில் முடிகிற அந்த வேலைக்கு அன்று எட்டு ஆண்டுகள் ஆயின. 1994 டிசம்பரில் வெளியான கட்டுரை, அந்த மரபணு கொழுப்புத் திசுவில் செயல்படுகிறது என்றும், அது 167 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதத்தை உண்டாக்குகிறது என்றும், மனிதரிடமும் ஏறத்தாழ அதே புரதம் உண்டு என்றும் அறிவித்தது.

இதில் பெரும்பாலானோர் கவனிக்காமல் கடந்துவிடும் ஒரு புரட்சி இருக்கிறது. அதுவரை பாடநூல்களில் கொழுப்புத் திசு என்பது ஒரு கிடங்கு. மிஞ்சியதைச் சேர்த்து வைக்கும் இடம். ஹார்மோன் சுரக்கும் உறுப்புகளின் பட்டியலில் தைராய்டு, கணையம், அட்ரினல் போன்றவற்றுக்கு இடமிருந்ததே தவிர, தொப்பைக்கு இடமில்லை. 1994க்குப் பிறகு கொழுப்புத் திசுவும் ஒரு சுரப்பியாயிற்று. நம்மில் பலருக்கு அதுவே உடலின் மிகப்பெரிய சுரப்பியும்கூட.

அடுத்த ஆண்டு ஜூலையில் மூன்று ஆய்வுக் குழுக்கள் ஒரே இதழில் ஒரே செய்தியை வெளியிட்டன. லெப்டின் என்று பெயர் பெற்ற அந்தப் புரதத்தை ஊசி மூலம் செலுத்தியபோது ஓபி எலிகளின் எடை இரண்டு வாரங்களில் 30 சதவீதம் குறைந்தது. கோல்மன் கணித்திருந்தபடியே டிபி எலிகளில் எந்த மாற்றமும் இல்லை. லெப்டினின் உரிமையைப் பெற ஆம்ஜென் என்னும் மருந்து நிறுவனம் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்துக்கு 2 கோடி டாலர் முன்பணம் கொடுத்தது. அக்காலத்தில் ஒரு மரபணுவுக்காகக் கொடுக்கப்பட்ட வியப்பூட்டும் தொகை அது. பருமனுக்கான இன்சுலின் கிடைத்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. இன்சுலினோடு ஒப்பிட்டதில் ஒரு மறைமுக அனுமானம் இருந்தது: பருமனானவர்களின் உடலில் லெப்டின் குறைவாக இருக்கிறது என்பதே அந்த அனுமானம்.

அதை ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனையே உடைத்தது. 1996இல் வெளியான ஆய்வில், பருமனானவர்களின் இரத்தத்தில் லெப்டின் சராசரியாக ஒரு மில்லிலிட்டருக்கு 31 நானோகிராமும், இயல்பான எடை கொண்டவர்களிடம் 7.5 நானோகிராமும் இருந்தன. கொழுப்பு கூடக்கூட லெப்டினும் கூடுகிறது. அதாவது, பெரும்பாலான மனிதர்கள் ஓபி எலியைப் போன்றவர்கள் அல்லர். அவர்களிடம் ஹார்மோன் நிரம்ப இருக்கிறது. ஆயினும் பணம் போட்டாயிற்று, ஊசியும் தயாராயிற்று. 1999இல் வெளியான மருத்துவப் பரிசோதனையில், மிக உயர்ந்த அளவு லெப்டினை நாள்தோறும் செலுத்திக்கொண்டு 24 வாரங்களை முடித்த எட்டுப் பேர் சராசரியாக 7.1 கிலோ குறைந்தனர். போலி ஊசி போட்டவர்கள் 1.3 கிலோ குறைந்தனர். கேட்பதற்கு நன்றாகத் தோன்றலாம். ஆனால் ஒருவருக்கொருவர் பலனில் பெரும் வேறுபாடு இருந்தது. சிலருக்கு எடை குறையவேயில்லை. ஊசி போட்ட இடமெல்லாம் சிவந்து தடித்தது. சிறிய அளவுகளில் கிடைத்த பலன் மிக அற்பம். பருமனுக்கான மருந்தாக லெப்டினின் கதை அங்கே ஏறத்தாழ முடிந்தது.

மருந்து தோற்றது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது எளிது. என் பார்வையில் கேள்வியே தவறாகக் கேட்கப்பட்டிருந்தது. லெப்டின் மிகுந்தால் என்ன ஆகும் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தபோது, அது குறைந்தால் என்ன ஆகும் என்று பாஸ்டனில் ஒரு சிறு குழு கேட்டது. கானாவில் பிறந்த மருத்துவரான ரெக்ஸ்ஃபோர்ட் அஹிமாவும் ஜெஃப்ரி ஃப்ளையரும் அக்குழுவின் முதன்மையானவர்கள்.

பட்டினி கிடக்கும் விலங்கின் உடலில் நிகழ்பவை நெடுங்காலமாக அறியப்பட்டவையே. தைராய்டு ஹார்மோன் குறைந்து, உடல் ஆற்றலைச் சிக்கனமாகச் செலவழிக்கத் தொடங்கும். நெருக்கடியில் அட்ரினல் சுரப்பி சுரக்கும் அழுத்த ஹார்மோன் கூடும். இனப்பெருக்க ஹார்மோன்கள் அடங்கிப்போகும். பெண் விலங்கில் சினைமுட்டை வெளிவருவது தள்ளிப்போகும். இவையெல்லாம் உணவு கிடைக்காத காலத்தில் உயிரைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஏற்பாடுகள். ஆனால் உணவு இல்லை என்ற செய்தியை மூளைக்கு எது கொண்டு செல்கிறது? அஹிமா இயல்பான எலிகளை 48 மணி நேரம் பட்டினி போட்டு, அவற்றுள் ஒரு பகுதிக்கு மட்டும் லெப்டினைச் செலுத்தினார். 1996இல் வெளியான முடிவு தெளிவானது. பட்டினி கிடந்தும், லெப்டின் குறையாமல் பார்த்துக்கொள்ளப்பட்ட எலிகளில், மேற்சொன்ன மாற்றங்கள் பெருமளவு மட்டுப்பட்டன. அந்த எலிகளின் வயிறு காலி. ஆனால் பஞ்சம் வந்துவிட்டது என்று அவற்றின் மூளை அறியவில்லை.

இதைப் படித்தபின் ஓபி எலியை மீண்டும் ஒருமுறை பார்க்கவேண்டும். அந்த எலி அளவின்றி உண்டு கொழுத்தது என்பதையே எல்லோரும் பேசினர். ஆனால் அதே எலி குளிரைத் தாங்காது. அதன் உடல் வெப்பம் இயல்பைவிடக் குறைவு. அதன் தைராய்டு மந்தம். அதன் அழுத்த ஹார்மோன் உயர்வு. அதனால் குட்டி ஈன முடியாது. அத்தனையும் பட்டினி கிடக்கும் விலங்கின் அடையாளங்கள். பருமனே மலட்டுத்தன்மைக்குக் காரணம் என்று கருதி அதன் உணவைக் குறைத்து மெலியவைத்தாலும் பெண் எலிகள் கருவுறவில்லை. லெப்டின் செலுத்தியபோது கருவுற்றன. கொழுப்பின் செய்தி மூளைக்குப் போகாததால், மலைபோல் கொழுப்பைச் சுமந்துகொண்டே அந்த எலி தன்னளவில் பஞ்சத்தில் வாழ்ந்திருக்கிறது. அதன் அளவற்ற பசியும் அந்தப் பஞ்சத்தின் ஒரு கூறுதான். 1950களிலிருந்தே பதிவாகிவந்த இந்த அடையாளங்களை ஒன்றாகக் கோத்துப் பார்க்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

மனிதரிலும் இது சோதிக்கப்பட்டது. உடல் நலமுள்ள ஆண்களை மூன்று நாட்கள் உண்ணாமல் இருக்கச் செய்தபோது, உடற்கொழுப்பு சிறிதளவே குறைந்திருந்தும், லெப்டின் செங்குத்தாகச் சரிந்தது. அதோடு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனும் சரிந்தது. லெப்டினை ஊசி மூலம் ஈடுசெய்தபோது டெஸ்டோஸ்டிரோனின் சரிவு தடுக்கப்பட்டது. ஆக, இந்த ஹார்மோன் இரண்டு செய்திகளைச் சுமக்கிறது: இருப்பு எவ்வளவு என்பது ஒன்று, இப்போது வரவு நின்றுவிட்டதா என்பது மற்றொன்று. ஊர்ப் பொதுக் களஞ்சியத்துக்குக் காவல் வைத்தால், நெல் நிரம்பி வழியும்போது காவற்காரன் ஒருமுறை சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம். குறையத் தொடங்கினாலோ உடனே ஊரை எழுப்பியாகவேண்டும். லெப்டினின் வேலையும் அந்த இரண்டாம் வகைதான். குறிப்பிட்ட அளவுக்கு மேல் அது கூடினாலும் மூளை அதிகம் பொருட்படுத்துவதில்லை. குறைந்தால் உடலின் அனைத்துத் துறைகளுக்கும் உத்தரவு பறக்கிறது. பஞ்சத்தில் அழிந்த உயிரினங்கள் எத்தனையோ உண்டு. அளவுக்கு மீறிய உணவால் அழியும் நிலை மனித வரலாற்றில் மிக அண்மையில்தான் வந்திருக்கிறது.

இனப்பெருக்கம் இதில் ஏன் நடுநாயகமாக நிற்கிறது என்பதற்குக் கணக்கே விடை தரும். ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கிலோ கலோரி ஆற்றலைத் தாங்கியிருக்கிறது. ஒரு கர்ப்பம் முழுவதற்கும் வழக்கமான உணவுக்கு மேல் தேவைப்படும் ஆற்றல் ஏறத்தாழ 80,000 கிலோ கலோரி. அதன்பின் தாய்ப்பால் ஊட்டுவதற்கு நாளொன்றுக்கு மேலும் 500 கிலோ கலோரி வேண்டும். இருப்பில் பத்துக் கிலோ கொழுப்பு இல்லாத உடல், நடுவில் உணவுக்குத் தட்டுப்பாடு வந்தால், தாயையும் சேயையும் ஒருசேர இழக்க நேரும். எனவே கொழுப்பு போதுமான அளவு சேரும் வரையில் கருவுறும் ஏற்பாட்டை மூளை திறப்பதில்லை. மாதவிடாய் தொடங்குவதற்கும் தொடர்வதற்கும் குறைந்தபட்சக் கொழுப்பு தேவை என்று ஹார்வர்டில் ரோஸ் ஃபிரிஷ் 1970களில் வாதிட்டபோது பலர் ஏற்கவில்லை. எந்த வழியாக அச்செய்தி மூளையை எட்டுகிறது என்று அவரால் அப்போது காட்ட முடியாமல் போனதே காரணம்.

நெடுந்தூர ஓட்டப் பயிற்சி செய்யும் பெண்களுக்கும், மெலியவேண்டும் என்று உணவைக் கடுமையாகக் குறைத்துக்கொள்ளும் இளம்பெண்களுக்கும் மாதவிடாய் நின்றுபோவது மருத்துவர்கள் அன்றாடம் காண்பது. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், இத்தகைய எட்டுப் பெண்களுக்கு மூன்று மாதங்கள் வரை லெப்டின் அளிக்கப்பட்டது. அவர்களில் மூவருக்குச் சினைமுட்டை வெளிப்பட்டு மாதவிடாய் திரும்பியது. எட்டுப் பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கைதான். இதைக் கொண்டு இப்பெண்களுக்கெல்லாம் ஊசி போடலாம் என்று எவரும் சொல்லவில்லை. பசியை மேலும் அடக்கும் ஒரு மருந்தை ஏற்கெனவே மெலிந்தவருக்குக் கொடுப்பது ஆபத்தானதும்கூட. ஆனால் கருப்பையிலோ சினைப்பையிலோ எந்தக் கோளாறும் இல்லாமல், கொழுப்பின் செய்தி வராததாலேயே அந்த வாயில் மூடிக்கிடக்கிறது என்பதை இந்தச் சிறிய ஆய்வு காட்டிவிட்டது. மாதவிடாய் நின்ற பெண்ணிடம் அவள் என்ன உண்கிறாள், எவ்வளவு ஓடுகிறாள் என்பதை முதலில் விசாரிக்கும் மருத்துவர் சரியான இடத்தில்தான் தொடங்குகிறார்.

உடல் எடையைக் குறைத்தவர்கள் அனைவரும் அறிந்த ஒரு துயரத்துக்கும் இதுவே விளக்கம். பத்துச் சதவீத எடையைக் குறைத்தவரின் உடல், அந்தக் குறைந்த எடைக்குக் கணக்குப்படி தேவையான ஆற்றலைவிடக் குறைவாகவே செலவழிக்கிறது, பசியோ கூடுகிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ரோசன்பாமும் ரூடால்ஃப் லைபலும், எடை குறைத்தவர்களுக்கு அவர்களுடைய பழைய அளவுக்கு லெப்டினை ஈடுசெய்தபோது, இந்தச் சிக்கன நடவடிக்கைகள் பெரிதும் விலகின. எடையைக் குறைக்கத் திறனற்ற அதே ஹார்மோன், குறைத்த எடையைக் காப்பதில் பயன்படக்கூடும் என்பது இதன் உட்பொருள். வியாபார ரீதியாக இந்த வழியில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இன்று பேசப்படும் செமாகுளூட்டைடு போன்ற எடைக்குறைப்பு ஊசிகள் குடலில் சுரக்கும் வேறொரு ஹார்மோனின் வழியில் வந்தவை. அவற்றை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு எடை திரும்புவதற்கும், மேலே சொன்ன பஞ்சக் கணக்குக்கும் தொடர்பு இருக்கும் என்றே நினைக்கிறேன்.

இந்தியாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. புனேயில் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர், அங்கே பிறந்த குழந்தைகளையும் லண்டனில் பிறந்த வெள்ளையினக் குழந்தைகளையும் ஒப்பிட்டு 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். புனே குழந்தைகளின் எடை வெகு குறைவு. ஆனால் தொப்புள்கொடி இரத்தத்தில் இருந்த லெப்டின் அந்த அளவுக்குக் குறையவில்லை. லண்டன் குழந்தைகளின் அளவோடு ஒப்பிடத்தக்கதாகவே இருந்தது. மெலிந்து பிறக்கும் நம் குழந்தைகள் தசையில்தான் மெலிந்திருக்கிறார்களே தவிர, கொழுப்பில் அவ்வளவாக இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து யாஜ்னிக், ஜான் யட்கின் என்னும் பிரிட்டிஷ் மருத்துவரோடு தாமே நின்று எடுத்துக்கொண்ட படத்தை ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார். உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் உடல் நிறை குறியீட்டெண் இருவருக்கும் ஒன்றே: 22.3. உடற்கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். "ஆள் ஒல்லிதான், சர்க்கரை எப்படி வந்தது?" என்று நம் வீடுகளில் கேட்கப்படும் கேள்விக்கு இந்தப் படத்தைக் காட்டலாம்.

லெப்டின் மருந்தாகப் பயன்படும் இடங்கள் உண்டு. உடலில் கொழுப்புத் திசுவே உருவாகாத ஓர் அரிய நோய் இருக்கிறது. கொழுப்பு இல்லாததால் லெப்டின் இல்லை. லெப்டின் இல்லாததால் தீராப் பசி. உண்டதைச் சேர்த்துவைக்கக் கொழுப்புத் திசு இல்லாததால் அது கல்லீரலிலும் தசையிலும் போய்ப் படிந்து, கடும் நீரிழிவும் இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பின் பெருக்கமும் உண்டாகின்றன. 2002இல் வெளியான ஆய்வில் இவ்வகை நோயுள்ள ஒன்பது பேருக்கு நான்கு மாதங்கள் லெப்டின் அளித்தபோது, டிரைகிளிசரைடு 60 சதவீதம் குறைந்தது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் அளவு 1.9 சதவீதப் புள்ளிகள் இறங்கியது. இந்த மருந்து 2013இல் ஜப்பானிலும் 2014இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. கொழுத்தவர்களுக்காகத் தேடப்பட்ட மருந்து, கொழுப்பே இல்லாதவர்களிடம் போய்ச் சேர்ந்தது. மாத்திரையாக அதை விழுங்க முடியாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அது ஒரு புரதம். பருப்பிலுள்ள புரதத்தைப் போலவே வயிற்றில் செரித்துப்போகும். 'லெப்டின் மாத்திரை' என்று விற்கப்படுவதில் லெப்டின் இருந்தாலும் பயனில்லை, இல்லாவிட்டாலும் நட்டமில்லை. விலை மட்டும் நட்டம்.

லெப்டின் ஊசியால் பயன்பெறும் இன்னொரு சாரார் சில குழந்தைகள். 1997இல் கேம்பிரிட்ஜில் ஸ்டீஃபன் ஓ'ராஹிலியின் குழுவினர், பாகிஸ்தானைப் பூர்விகமாகக் கொண்ட, உறவுக்குள் மணம் புரிந்த ஒரு குடும்பத்தின் இரு குழந்தைகளைப் பற்றி எழுதினர். எட்டு வயதுச் சிறுமியின் எடை 86 கிலோ. அவளுடைய உறவினனான இரண்டு வயதுச் சிறுவனின் எடை 29 கிலோ. இருவரும் பிறக்கும்போது இயல்பான எடையோடுதான் பிறந்தனர். சில மாதங்களிலேயே அடங்காப் பசி தொடங்கியது. எடையின் சுமையால் வளைந்த கால் எலும்புகளுக்கு அந்தச் சிறுமி அறுவைச் சிகிச்சையும் செய்துகொள்ள நேர்ந்தது. அவ்வளவு கொழுப்பு இருந்தும் இருவரின் இரத்தத்திலும் லெப்டின் ஏறத்தாழ இல்லை. மரபணுவில் ஒரேயொரு எழுத்து விடுபட்டிருந்தது. சதாஃப் ஃபரூக்கி முன்னின்று நடத்திய சிகிச்சையில், நாள்தோறும் லெப்டின் ஊசி பெற்ற அச்சிறுமி ஓராண்டில் 16.4 கிலோ குறைந்தாள். அதைவிட முக்கியமானது, அவள் மற்ற குழந்தைகளைப் போல உண்டாள் என்பது. சிகிச்சை பெற்ற இன்னொரு குழந்தை, மூன்று வயதில் 42 கிலோ இருந்தவன், ஏழு வயதில் 32 கிலோ இருந்தான். குழந்தையின் பிடிவாதத்தையும் பெற்றோரின் வளர்ப்பையும் குறைகூறிக்கொண்டிருந்தவர்கள் இந்த முடிவுகளைப் பார்த்தபின் வாய் மூடியிருக்கவேண்டும்; முழுவதும் மூடவில்லை என்பது வேறு விஷயம்.

2015இல் இதற்கு ஒரு பின்னிணைப்பு வந்தது. ஜெர்மனியில் மார்ட்டின் வாபிட்ஷ் என்னும் மருத்துவர் கண்ட கடும் பருமன் கொண்ட ஒரு சிறுவனின் இரத்தத்தில், அவன் உடற்கொழுப்புக்கு ஏற்ற உயர்ந்த அளவிலேயே லெப்டின் இருந்தது. ஆய்வகக் கருவி அதை லெப்டின் என்றே அளந்தது. ஆனால் மரபணு மாற்றத்தால் அந்தப் புரதம், செல்களில் அதை உணரும் பகுதியான ஏற்பியில் பொருந்தவில்லை. அளவு இருந்தது, வேலை இல்லை. செயல்படும் லெப்டினை ஊசியில் கொடுத்ததும் பசி அடங்கி எடை குறைந்தது.

பெரியவர்கள் பணம் கட்டி லெப்டின் பரிசோதனை செய்துகொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. எடை கூடினால் அந்த எண் கூடியிருக்கும், குறைந்தால் குறைந்திருக்கும், அதைக் கொண்டு செய்யவேண்டிய சிகிச்சை எதுவும் மாறப்போவதில்லை. குழந்தைகளின் நிலை வேறு. அத்தை மகள், மாமன் மகன், அக்காள் மகள் என்று சொந்தத்துக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்னும் மறையவில்லை. தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பிழை வந்து சேரும் வாய்ப்பு இத்தகைய குடும்பங்களில் கூடுதல். இக்குறைபாடு மிக அரிதுதான். ஆயினும், இயல்பான எடையோடு பிறந்து, முதல் ஆண்டிலேயே மளமளவென எடை ஏறி, உண்டு முடித்த உடனே மீண்டும் உணவு கேட்டு அழும் குழந்தை ஒன்று அவ்வகைக் குடும்பத்தில் இருந்தால், "கொழுகொழுவென்று இருக்கிறது" என்று மகிழாமலும், "தின்னக் கொடுத்தே கெடுத்துவிட்டாள்" என்று தாயைத் திட்டாமலும், குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவரிடம் காட்டி, லெப்டின் அளவையும், அது இயல்பாக இருந்தால் மரபணுவையும் சோதிக்க முடியுமா என்று கேட்பது நல்லது.